முறுக்கிக்கொள்ளாத சேசிஸ்

1932 மார்ச் 31 அன்று ஃபோர்டு நிறுவனம் தன் புதிய வி-8 காரை அமெரிக்க மக்கள் முன் நிறுத்தியது. எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றாலே பணக்காரர் வீட்டு வண்டி என்றிருந்த காலம் அது. ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர்களையும் ஒரே இரும்பு வார்ப்பில் அடக்கி, நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்கு இறக்கிக் கொடுத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அந்த எஞ்சினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதைச் சுமந்த அடிச்சட்டமான சேசிஸுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. எனக்கோ அந்த வண்டியில் மிகவும் பிடித்த பாகம் அதுதான்.

முந்தைய மாடல் ஏ காரில் சேசிஸ் ஒரு மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 1932இல் அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, நீளச் சட்டத்தின் வெளிப்பக்கமே கண்ணுக்குத் தெரிந்தது. அதன்மேல் மெல்லிய கோடு ஒன்று அழுத்தி எடுக்கப்பட்டு, மேலே இருக்கும் உடலின் வளைவோடு சேர்ந்து ஓடியது. சுமை தாங்கும் இரும்பையே அழகுக்கும் பயன்படுத்திய வேலை அது. ஹென்றியின் மகன் எட்செல் ஃபோர்டு வடிவமைப்பில் ரசனை உள்ளவர். அந்தக் காரின் அழகுக்கான பெருமை அவரைச் சேரும்.

தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அமெரிக்காவில் அதே நீளச் சட்டத்தை, அதே கோட்டோடு, புதிய அச்சில் அழுத்தி விற்கிறார்கள். ஒஹாயோ மாநிலத்தின் புரூக்வில் ஊரில் அதன் உடலையே புது எஃகுத் தகட்டில் செய்கிறார்கள். 1932இல் பிறந்த ஒரு போல்ட்கூட இல்லாமல் முழுசாக ஒரு 1932 ஃபோர்டைக் கட்டிவிடலாம். பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் ஹாட் ராட் கலையின் அடித்தளம் இப்போது இந்தப் புதிய சேசிஸ்கள்தான்.

தொடக்கத்தில் யாரும் சேசிஸை விற்கவில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் வற்றிப்போன ஏரிப்படுகைகள் உண்டு. மைல் கணக்கில் சமதளம். களிமண் காய்ந்து இறுகிக் கிடக்கும். 1930களில் இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, பானட், பம்பர் என்று கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி எடையைக் குறைத்து, முராக் ஏரிப்படுகையில் நேர்கோட்டில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவாகி இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், உலோக வேலையும் எஞ்சின் வேலையும் பழகிய ஏராளமான இளைஞர்கள் ராணுவத்திலிருந்து திரும்பினார்கள். 1946இல் அலெக்ஸ் சிடியாஸ் பர்பேங்கில் ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’ என்ற கடையைத் திறந்தார். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனின் ‘ஹாட் ராட்’ இதழ் வந்தது. அப்போதும் சேசிஸ் என்பது காரோடு கிடைத்ததுதான். வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள்.

சிக்கல் பிறகுதான் வந்தது. 65 குதிரைத்திறனுக்காகச் செய்த சட்டத்தில் 300, 400 குதிரைத்திறன் எஞ்சினை உட்கார வைத்தால் என்ன ஆகும்? சட்டம் ஒடிந்துவிழும் என்று பலர் நினைப்பார்கள். ஒடிவது அபூர்வம். சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

சேசிஸின் முன்முனையைப் பிடித்து இடப்பக்கம் சாய்க்கிறோம், பின்முனையை வலப்பக்கம் சாய்க்கிறோம் என்று வையுங்கள். ஈரத்துணியைப் பிழியும்போது நடப்பதே இங்கும் நடக்கும். இடது முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும் நேரத்தில் வலது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இந்த விசை வரும். எஞ்சினும் இதைத் தரும். எஞ்சின் கியர்பாக்ஸ் வழியாகப் பின்னால் போகும் தண்டை ஒரு திசையில் சுழற்றும்போது, அதன் எதிர்வினை எஞ்சின் தாங்கிகள் வழியாகச் சட்டத்தின் முன்பகுதியை எதிர்த்திசையில் திருகும். பின்பகுதியை ஆக்சில் மறுபக்கம் திருகும். முதல் கியரில் முழு வேகம் கொடுத்துக் கிளம்பும் கணத்தில் இந்தத் திருகல் உச்சத்தில் இருக்கும்.

ஃபோர்டின் பழைய சட்டம் திறந்த சேனல் வகை. வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘சி’ எழுத்து தெரியும்: மேலே ஒரு பட்டை, நடுவே உயரமான ஒரு சுவர், கீழே ஒரு பட்டை. உள்பக்கம் திறந்திருக்கும். ஹாட் ராட் கட்டுபவர்கள் முதலில் செய்யும் வேலை, அந்தத் திறந்த பக்கத்தை ஒரு தகடு வைத்து நீளம் முழுக்க அடைத்து, சேனலைப் பெட்டியாக்குவது. இதனால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும்.

150 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலப் பட்டைகள், 3 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். அதே 3 மி.மீ. தகட்டால் மூடுகிறோம். எடை 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. சுமையால் கீழ்நோக்கி வளைவதை எதிர்க்கும் விறைப்பு 37 சதவீதம் அளவுக்கே உயர்கிறது. எடைக்குப் பார்த்தால் நஷ்டம்தான். முறுக்கத்தைக் கவனியுங்கள். திறந்த சேனலின் முறுக்க மாறிலி, தடிமனின் மும்மடியை வெட்டுமுகத்தின் மொத்த நீளத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் வரும்: 2,160. மூடிய பெட்டிக்கு, அது சூழ்ந்திருக்கும் பரப்பின் இருமடி கணக்கில் வரும்: ஏறத்தாழ 12 லட்சம். ஐந்நூறு மடங்குக்கு மேல்!

திறந்த வடிவத்துக்கான கோட்பாட்டை 1855இல் பிரெஞ்சுப் பொறியாளர் சான் வனான் எழுதினார். மூடிய குழலுக்கான எளிய சூத்திரத்தை 1896இல் ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் பிரெட் தந்தார். கார் சேசிஸ் கட்டுபவர் இன்று பயன்படுத்துவதும் அதைத்தான்.

ஏன் இத்தனை வேறுபாடு? முறுக்கும்போது தகட்டுக்குள் சறுக்குத் தகைவு உண்டாகிறது. அது ஒரு சுற்றாக ஓட வேண்டும். மூடிய பெட்டியில் அது நான்கு சுவர்களையும் சுற்றி வருகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் முழுவதும் நெம்புகோலாகப் பயன்படுகிறது. திறந்த சேனலில் சுற்றிவர வழியில்லை. தகட்டின் ஒரு முகத்தில் போய், மறு முகத்தில் திரும்புகிறது. நெம்புகோலின் நீளம் வெறும் 3 மி.மீ. தடிமனுக்குள் சுருங்கிவிடுகிறது. அகர்பத்தி வரும் அட்டைக்குழல் இருந்தால் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பிறகு கத்திரிக்கோலால் நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். அட்டை அதே அட்டைதான், எடையும் அதேதான். விரல்களுக்கு உடனே புரிந்துவிடும்.

உண்மையான சேசிஸில் சேனலின் முனைகள் குறுக்குச் சட்டங்களோடு இறுக்கப்பட்டிருப்பதால் அது கணக்கில் சொன்ன அளவுக்குத் தொளதொளவென்று இராது. முழு சேசிஸில் கிடைக்கும் லாபம் ஐந்நூறு மடங்கு ஆகாது. ஆனாலும் பெட்டியாக்காத சட்டத்தில் பெரிய எஞ்சினைப் பொருத்துவது தவறான வேலை என்பதே என் தீர்ப்பு.

ஹென்றி ஃபோர்டுக்கு இது தெரியாதா என்று கேட்கத் தோன்றும். அவருடைய வண்டிக்கு அந்தத் திறந்த சட்டம் பொருந்தியது. முன்னும் பின்னும் ஆக்சிலுக்குக் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் நடுப்பகுதிதான் சட்டத்தோடு பிணைந்திருக்கும். ஆக்சில் ஒரு பக்கம் ஏறினால் அந்த அசைவு பெரும்பாலும் ஆக்சிலோடு முடிந்துவிடும். சட்டத்துக்குப் போகும் முறுக்கம் குறைவு. நம் நெடுஞ்சாலைகளில் கேபின்கூட இல்லாமல் பாடி கட்டப் போகும் புது லாரி சேசிஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் நீளச் சட்டங்கள் இன்றைக்கும் திறந்த சேனல்கள்தான். மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரமும் தரையைத் தொட வேண்டுமானால் லாரியின் சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்க வேண்டும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். ஹாட் ராட் கட்டுபவர் அந்த ஏற்பாட்டைக் கலைக்கிறார். நான்கு மூலைக்கும் நான்கு ஸ்பிரிங் வைக்கிறார். முறுக்கம் முழுவதும் சட்டத்துக்குள் புகுந்துவிடுகிறது.

இதே இயற்பியல் ஆக்சிலிலும் வேலை செய்வதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. பழைய ஃபோர்டின் முன் ஆக்சிலைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் கவட்டைத் தண்டுகள் நடுவில் ஒரே புள்ளியில் சேரும். புது கியர்பாக்ஸுக்கு அந்தப் புள்ளி இடைஞ்சல். ஆகவே கவட்டையைப் பிளந்து, இரண்டு தண்டையும் இருபக்க நீளச் சட்டங்களில் தனித்தனியாக மாட்டுவார்கள். இனி ஒரு சக்கரம் ஏறும்போதெல்லாம் ஆக்சிலே முறுக்கிக்கொடுத்தாக வேண்டும். ஃபோர்டின் ஆக்சில் ‘ஐ’ எழுத்து வடிவம், அதாவது திறந்த வடிவம், முறுக்கிக்கொடுக்கும். அழகாக இருக்கிறது என்று அதற்குப் பதில் உருண்டைக் குழாய் ஆக்சிலை மாட்டினால் அது அசைந்துகொடுக்காது. தாங்கிகளும் வெல்டிங்கும் விரிசல் விடும். குழாய் ஆக்சில் வேண்டுமானால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இணைத் தண்டுகள் வைத்துப் பிடிக்க வேண்டும். பழைய கைவேலைக்காரர்கள் சூத்திரம் படிக்காமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1933இல் ஃபோர்டு நிறுவனமே அடுத்த படிக்குப் போனது. சக்கர இடைத்தூரம் 106 அங்குலத்திலிருந்து 112 அங்குலமானது. நடுவில் ‘எக்ஸ்’ வடிவக் குறுக்குச் சட்டம் வந்தது. சேசிஸை முறுக்க முயன்றால் அந்த எக்ஸின் கால்கள் மேலும் கீழுமாக வளைந்தாக வேண்டும். சேனல் முறுக்கத்தில் பலவீனமானது; வளைவை எதிர்ப்பதில் பலசாலி. பலவீனமான வேலையைப் பலமான வேலையாக மாற்றிக் கொடுக்கிறது எக்ஸ். இன்று 1932 ஃபோர்டுக்குச் செய்யும் புதிய சேசிஸ்களிலும் பெட்டியாக்கிய நீளச் சட்டங்களுக்கு நடுவே குழாயிலோ தகட்டிலோ ஒரு எக்ஸ் இருக்கும். அதன் மையத்தில் கியர்பாக்ஸுக்கு இடம் விட வேண்டும், புகைக்குழாய்க்கு வழி விட வேண்டும், பிரேக் பெடலுக்கு மூலை விட வேண்டும். வடிவமைப்பாளரின் திறமை தெரிவது அந்த ஒரு சதுர அடியில்தான்.

விற்பனையில் அடிக்கடி காதில் விழும் வாக்குறுதி ஒன்று உண்டு: “குரோம்-மாலி எஃகில் செய்தது, அதனால் சேசிஸ் விறைப்பாக இருக்கும்.” நம்பாதீர்கள். எல்லா எஃகுக்கும் யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே: 200 கிகா பாஸ்கல். உயர்ரக எஃகு அதிகச் சுமைக்குப் பிறகே நிரந்தரமாக வளையும், அது வலிமை. ஒரே சுமைக்கு எவ்வளவு அசைகிறது என்பது விறைப்பு. அதில் சாதாரண எஃகும் உயர்ரக எஃகும் சமம். உயர்ரக எஃகு என்று சொல்லித் தகட்டை மெல்லிதாக்கினால் விறைப்பு குறையவே செய்யும். விறைப்பு வடிவத்திலிருந்து வருகிறது.

விறைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? காரின் ஒவ்வொரு முனையிலும் ஸ்பிரிங் இருக்கிறது; நடுவில் இருக்கும் சேசிஸும் ஒரு ஸ்பிரிங்தான். அதை அடக்க ஷாக் அப்சார்பர் கிடையாது. சேசிஸின் விறைப்பும் சஸ்பென்ஷனின் விறைப்பும் சமமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து தருவது பாதிதான். சேசிஸ் பத்து மடங்கு விறைப்பாக இருந்தால் சஸ்பென்ஷனின் விறைப்பில் 91 சதவீதம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். 1932 ஃபோர்டின் ரோட்ஸ்டர் வகைக்கு உறுதியான கூரை இல்லை. மேலே உதவிக்கு எதுவும் இல்லாததால் முழுப் பொறுப்பும் சேசிஸ் தலையில். திருப்பத்தில் கதவு தானாகத் திறந்துகொள்வதும், கதவு மூலையில் பெயின்ட் வெடிப்பதும் மெலிந்த சேசிஸின் அறிகுறிகள்.

வெல்டிங் பக்கம் வருவோம். ஒரு சேசிஸின் தரத்தை நான் அளப்பது இங்கேதான். எஃகைச் சூடாக்கினால் விரியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால் 1.2 மி.மீ. நீளும். விரிய விடாமல் இறுக்கிப் பிடித்தால் உள்ளே தகைவு ஏறும். சாதாரண எஃகில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடே போதும், நிரந்தர மாற்றம் தொடங்கிவிடும். வெல்டிங்கில் இரும்பு உருகுகிறது, அதாவது 1,500 டிகிரி. ஆகவே ஒவ்வொரு வெல்டும் ஆறும்போது தன்னைச் சுற்றியுள்ள இரும்பைச் சுருக்கி இழுக்கும். தப்பவே முடியாது. சேனலை மூடும் தகட்டின் இரண்டு வெல்டுகளும் உள்பக்கமே இருப்பதால், கவனிக்காமல் ஒரே மூச்சில் ஓட்டினால் நீளச் சட்டத்தின் இரு முனைகளும் உள்நோக்கி வளைந்து வில்லாகிவிடும்.

நல்ல பட்டறையில் சட்டத்தைக் கனமான ஜிக் மேசையில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். முதலில் அங்கங்கே பொட்டு வைக்கும் டேக் வெல்டு மட்டும். பிறகு ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாக, முன்முனையில் கொஞ்சம், பின்முனையில் கொஞ்சம், மறுபக்கச் சட்டத்தில் கொஞ்சம் என்று தாவித் தாவி வெல்டு வைப்பார்கள். தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு, மூலைவிட்டங்களை அளந்து, மீண்டும் தொடங்குவார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துப்போனால்தான் சேசிஸ் சதுரம். வேடிக்கை பார்ப்பவருக்கு அலுப்பூட்டும் வேலை. ஆனால் உடலைப் பொருத்தும் துளைகள் ஃபோர்டு 1932இல் வைத்த இடத்தில் அப்படியே வர வேண்டும். மூன்று மி.மீ. தள்ளிப்போனாலும் கதவின் இடைவெளி மேலே குறுகி, கீழே விரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப சேசிஸ் வடிவமைப்பவர் முதலில் கேட்பது டயர் அளவு. விட்டம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் ஆக்சில்களின் இடம் தெரியும். வண்டி தாழ வேண்டும் என்றே எல்லோரும் கேட்பார்கள். அப்போது பின் ஆக்சில் மேலே எழும்பும்போது சட்டத்தில் இடிக்கும். தீர்வு, சட்டத்தை ஆக்சிலுக்கு மேலாக ஏற்றி வளைப்பது, அல்லது ஆக்சில் வரும் இடத்தில் அரைவட்டமாக வெட்டுவது. இங்கேதான் அரைகுறைப் பட்டறைகள் உயிரோடு விளையாடுகின்றன. சட்டத்தின் நடுச் சுவர் தரும் விறைப்பு உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. உயரம் பாதியானால் அது எட்டில் ஒன்றாகும். வெட்டிய இடத்தில் தடித்த தகட்டால் வளைவைச் சுற்றிக் கட்டி, மேலேயும் உயரம் கூட்டினால்தான் இழந்தது திரும்பும்.

முன்பக்கம் ஆக்சிலே இல்லாத தனிச் சஸ்பென்ஷன் வேண்டும் என்பவர்களுக்கு, 1974 மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங் இரண்டாம் தலைமுறையின் அமைப்பை ஒட்டிய உறுப்புகள் கிடைக்கின்றன. அந்தச் சின்னக் காரை அன்று பலர் பழித்தார்கள். அதன் முன்பகுதி மட்டும் குறுகலாக இருந்ததால் பழைய கார்களின் சட்டங்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்டியரிங் தண்டின் மூட்டுகள், சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளோடு வடிவியல்படி பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். பெயின்டும் குரோமும் அதை மறைக்காது.

இந்தத் தொழிலில் மாறுபட்ட வழிகள் உண்டு. மிசிசிப்பியின் ஆலிவ் பிராஞ்ச் ஊரில் உள்ள அமெரிக்கன் ஸ்டாம்பிங் நிறுவனம் 1932 ஃபோர்டின் நீளச் சட்டத்தை அச்சில் அழுத்தித் தருகிறது. அந்தக் கோடு வெளியே தெரிவதால் கடைக்குழாயை வெட்டி ஒட்டி ஏமாற்ற முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபைஃப் ஊரில் 1971 முதல் இயங்கும் ஆர்ட் மோரிசன் நிறுவனம், செவ்வகக் குழாயை உள்ளே அச்சு வைத்து மடிப்பு விழாமல் வளைத்து, முழு சேசிஸாகக் கட்டுகிறது. சட்டம் மறைந்திருக்கும் 1950களின் கார்களுக்கு இந்த வழி அருமையாகப் பொருந்தும். 1974இல் பீட் சப்போரிஸும் ஜிம் ஜேக்கப்ஸும் தொடங்கிய பீட் அண்டு ஜேக்ஸ், மாட்டத் தயாராக உதிரிபாகங்களை விற்று வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுபவருக்கும் கதவைத் திறந்தது. வெறும் சட்டமாகவும் வாங்கலாம், சஸ்பென்ஷனும் பிரேக்கும் மாட்டி உருட்டிக்கொண்டு போகும் நிலையிலும் வாங்கலாம்.

என் கண்ணில் இவர்கள் விற்பது எஃகு அல்ல, துல்லியம். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை? அதைக் கணினியில் மட்டும் பார்த்தார்களா, பின்முனையைப் பூட்டி முன்முனையில் எடை தொங்கவிட்டு அளந்தார்களா? வெல்டிங் முடிந்து மேசையிலிருந்து இறக்கிய பின் மூலைவிட்டங்கள் எவ்வளவு வேறுபட்டன? பதில் இல்லாத இடத்தில் வாங்குவது பெயின்டுக்குப் பணம் கொடுப்பது.

அரசின் சட்ட விதிகளும் இதில் வருகின்றன. 1932 ஃபோர்டின் அடையாள எண் இடது நீளச் சட்டத்தின் மேல்பக்கம் கொத்தப்பட்டிருக்கும். சேசிஸை மாற்றினால் வண்டியின் அடையாளமே மாறுகிறது. ஒவ்வொரு மாநிலமும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது; புதிதாகக் கட்டிய வண்டி என்று பதிவு செய்து புது எண் வாங்குவது நேர்மையான வழி. பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புதுச் சட்டத்தில் ஒட்டுவது அடையாள எண்ணில் கைவைக்கும் குற்றமாக முடியலாம். 2015இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 25 ஆண்டுகளுக்கு முந்தைய கார்களின் நகல்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை முழு வண்டியாகவே கட்டி விற்க அனுமதித்தது. அதற்கான விதிகள் வரவே பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

பழைய சேசிஸ் சட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ரிவெட் துளைகளைச் சுற்றி விரிசலும், இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துருவும் இருந்தாலும் அவை தொழில் வரலாற்றின் சான்றுகள். புதிய சேசிஸ் கிடைக்கும் இந்தக் காலத்தில் பழையதில் கிரைண்டரை வைக்க எந்தக் காரணமும் இல்லை. வேகம் வேண்டுமானால் புதுச் சேசிஸ் வாங்குங்கள். ஃபோர்டு அழுத்தி எடுத்த அசல் சட்டத்தை வெட்டாமல், எண்ணோடும் ஆவணங்களோடும் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள்.